இடது காதுக்கு

பீல் நகரிலிருந்து கிரென்ஷனுக்கு ரயிலில் பத்து நிமிடம்.
பெசார்த்தா எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்காருவாள்,
காரணம் அவளுக்குத் தெரியும்.
அன்று கேட்காமலே இயர்போனின் மற்ற முனையை எடுத்து
தன் காதில் வைத்தாள். கழற்றினாள்.
ஊதினாள். திரும்ப வைத்தாள்.
"இதில் ஒன்றும் வரவில்லையே" என்றாள்.

எனக்கு இடது காது கேட்காது.
ஏழு வயதில் வந்த காய்ச்சல்
போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டது.
பழம்பொருள் கடையில் பன்னிரண்டு பிராங்குக்கு வாங்கிய பாட்டுப்பெட்டி
அது ஒரு பக்கம் ஊமை,
நான் அதே பக்கம் செவிடு.
பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டி வைத்ததுபோல்
ஒன்பது வருடம் சண்டையில்லாமல் இருந்தோம்.

முதலில் இயர்போன் செருகும் துளையை மாற்றினேன்.
எட்டு பிராங்கு தண்டம்.
பிறகுதான் புரிந்தது, கோளாறு போர்டில்.
"போனில் கேளேன் அம்மா" என்றாள் மகள்,
தன் போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

வின்டர்தூரிலிருந்து ரெட்டோ என்று ஒருவர் அனுப்பினார்,
தொண்டை மிட்டாய்த் தகரத்துக்குள் பஞ்சு வைத்து.
துண்டுத்தாளில் இவ்வளவுதான்:
வட்டு செத்துவிட்டது. போர்டு நல்லது.

ஞாயிற்றுக்கிழமை.
துணி துவைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது,
வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடக் கூடாது.
திருகாணி கழற்றுவது பற்றிக் கட்டடச் சட்டத்தில் ஒன்றுமில்லை.
காலாவதியான நூலக அட்டையை இடுக்கில் நுழைத்து நெம்பினேன்.
நாளெல்லாம் தொழிற்சாலையில்
கைக்கடிகாரத்துக்குள் எள்ளளவு ஆணி வைக்கிற விரல்,
சொந்தப் பொருள் என்றதும் நடுங்கியது.

நீல ரப்பர் சுற்றிய வட்டு.
தோல் உரித்த பாம்புபோல் மெல்லிய நாடா வயர்.
முட்டைப் பெட்டியின் ஆறு குழியில் ஆறு ஆணி,
இல்லை, ஐந்து.
ஆறாவது என் காலுறையில் ஒட்டியிருந்தது, அரை மணி கழித்து.

பாட்டு எல்லாம் வட்டில்.
போர்டுக்கு ஒரு பாட்டும் தெரியாது.
வட்டு கொடுப்பதை இரண்டாகப் பிரித்து
இரண்டு தெருவுக்கும் கொண்டுபோகிற தபால்காரன் அது.
பழையவன் ஒரு தெருவுக்குப் போகவே இல்லை.

மூடினேன். அழுத்தினேன்.
திரையில் அழுமூஞ்சிப் படம்.
திறந்தேன். நாடா அரை மில்லிமீட்டர் விலகி நின்றது.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், தமிழில்தான்,
அதற்கும் ஞாயிறு தடையில்லை.
மறுபடி மூடினேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பாட்டு என்றது.

சரிபார்ப்பது எப்படி?
இடது முனையைத் திருப்பி, வளைத்து,
பொருந்தாத வலது காதில் அமுக்கிப் பிடித்தேன்.
ஆயிரம் தடவை கேட்ட பாட்டு.
பல்லவி முடிந்ததும் ஒரு மௌனம் வரும்.
பாடுகிறவள் மூச்சு வாங்குகிறாள் என்று
இத்தனை காலம் நானும் கூடவே மூச்சு வாங்கியிருக்கிறேன்.

அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல்.

அவள் மூச்சு வாங்கவில்லை.
கேள்வி கேட்டுவிட்டு
பதிலுக்கு நின்றிருக்கிறாள்.

அன்றிரவு முழுக்க
பாட்டுப் பாட்டாகத் திறந்து
மௌனங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
சிலவற்றில் வயலின். ஒன்றில் யாரோ இருமுகிறார்.
சிலவற்றில் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

திங்கள் காலை, ரயில், மூடுபனி.
என் வலது காது, அவள் இடது காது,
நடுவில் ஒரு சாண் வயர்.
பல்லவி எனக்கு முடிந்தது.
எவ்வளவு செலவானது, எப்படித் திறந்தேன்,
காலுறையில் ஆணி இருந்த கதை,
எல்லாம் சொல்ல அந்த இடைவெளியில் வாயைத் திறந்தேன்.

பெசார்த்தா கையை உயர்த்தினாள்:
"பொறு."