முன்விளிம்பு

பின்பிறேக்குக்கு இரண்டு சொல்தான் தெரியும்:
இல்லை.
செத்தாய்.
நடுவில் ஒன்றும் கிடையாது.

குடத்தனையில் பசு கத்துகிறது என்று போன் வந்தால்
ஆறரைக்கே வெளிக்கிட வேண்டும், பசு நாளைவரை பொறுக்காது.
முதுகுக்குப் பின்னால் நைதரசன் குடுவை.
அதற்குள் புகைகிற குளிரில்
நூற்றுச் சொச்சம் காளைகள், ஈர்க்கு மொத்தத்தில்.
மணற்காட்டு வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தால் போதும்,
கால் பெடலை நினைக்க முன்னமே
பின்சில்லு பூட்டிக்கொள்ளும்.
வண்டி வாலை ஆட்டி ஆட்டி
மணலில் என் பெயரைப் பிழையாய் எழுதும்.

ஞாயிறுகளில் குடுவை இருந்த இடத்தில் மெற்றில்டா.
பிறேக் பிடிக்கிற ஒவ்வொரு தரமும்
அவள் ஹெல்மெற் என் ஹெல்மெற்றில்
டொக்.
நெல்லியடிக்குப் போய்வர முப்பத்தொரு டொக்.
எண்ணினது அவள்தான்.
"உங்கட காலிலயோ பிழை, மோட்டச்சைக்கிளிலயோ?"
சைக்கிளில் என்றேன்.
வேறென்ன சொல்ல.

பருத்தித்துறைக் கராஜில் றொபின்சன் புது சூ போட்டான்.
முன்னையிலும் வடிவாகக் கடித்தது.
"பிறேக் எண்டால் பிடிக்கத்தானே அண்ணை வேணும்"
என்றான், காசை எண்ணிக்கொண்டு.

செவ்வாய் இரவு நானே சில்லைக் கழற்றினேன்.
மூடியைத் திறக்க
ஒரு கைப்பிடி மணற்காடு கொட்டியது.
காம் கிறீசைக் கண்டு எத்தனை வருசமோ.
சூ இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தேன்.
பிறை என்று எழுத வருகிறது, வேண்டாம்,
தேங்காய்ச் சொட்டு.
அதில் ஒன்றின் முன்விளிம்பு நேராய், சதுரமாய்,
வாசலில் நின்று மறிக்கிற ஆள்மாதிரி.
சுழல்கிற ட்றம்மில் அதுதான் முதலில் முட்டுகிறது.
முட்டினதும் சுழற்சியே அதைப் பிடித்து உள்ளே இழுக்கிறது.
நான் மிதித்தது கால்பங்கு,
மிச்சத்தைத் தன்னைத்தானே மிதித்திருக்கிறது.

குளம்பு அராவுகிற அரம் கிடந்தது. எடுத்தேன்.
சரிவாக, ஒரு விரல் அகலத்துக்கு.
தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று
மெற்றில்டா ஈரத்துணியை எறிந்துவிட்டுப் போனாள்.
மினுங்கிய மேற்பரப்பை மண்பேப்பரால் மங்கவைத்து,
காமுக்கு நகக்கண் அளவு கிறீஸ் மட்டும்
(கூடினால் உருகிச் சூவில் படும்,
பிறகு "இல்லை" என்ற ஒரே சொல்தான்).
பெடலை அரை அங்குலம் கீழே இறக்கும்போது
ஒன்று தெரியவந்தது:
இத்தனை நாளும் என் பெருவிரல்
அதன்மேல்தான் குந்தியிருந்திருக்கிறது.
அவளுக்குச் சொல்லவில்லை.

விடிய, சவுக்குத் தோப்புக்குள் போய் மிதித்தேன்.
வண்டி யோசித்தது.
இன்னும் மிதித்தேன்.
சரி என்றது, பிறகு இன்னும் சரி என்றது,
கால் கேட்டதை மட்டும் கொடுத்தது.
திரும்பிப் பார்த்தால் மணலில் ஒரே கோடு,
சிலேட்டில் பிள்ளை ஊன்றி இழுத்த மாதிரி.
ஆனால் அரம் ஒரு இழுப்புக் கூடித்தான் போயிற்று:
அம்பனில் ஒரு சேவலுக்கு
வாலில் நாலு இறகு குறைவு.

ஞாயிறு.
மந்திகைச் சந்தியில் பஸ்காரன் வெட்டினான், நின்றோம்.
நெல்லியடியில் மாம்பழக் கடைக்கு நின்றோம்.
வரும்போது ரக்ரர் ஒன்று, இரண்டு நாய்,
ஒரு ஊர்வலம்.
பின்னால் சத்தமே இல்லை.
இறங்கிவிட்டாளோ என்று
கண்ணாடியில் பார்த்தேன்.
"ஏன் இண்டைக்குப் பிறேக்கே பிடிக்கேல்லை?"
பிடிச்சனான், என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வல்லிபுரம் தாண்டி நேர் றோட்டு.
ஆடில்லை, மாடில்லை, கால் பெடலிலும் இல்லை.
டொக்.