ஏழு கோட்டில் ஒரு சொல்

பீல் என்றும் பியென் என்றும் ஊருக்கே இரண்டு பெயர்.
எங்கள் சூளைக்கு மூன்று மொழி:
ஜெர்மன், பிரெஞ்சு,
அப்புறம் இயந்திரங்கள் எல்லா நாட்டிலும் பேசுகிற
அந்த அரைகுறை ஆங்கிலம்.

கதவுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில்,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ட்ரோலர்.
மேல் வரிசை சிவப்பு: சூளையில் இருக்கிற சூடு.
கீழ் வரிசை பச்சை: இருக்க வேண்டிய சூடு.
இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பன்னிரண்டு படி எழுதினேன்.
நிமிடத்துக்கு இரண்டு டிகிரி ஏறு.
அறுநூறில் ஒரு மணி நேரம் நில்,
பசை எரிந்து வெளியேறட்டும்.
மறுபடி ஏறு, ஆயிரத்து நானூற்று ஐம்பதுக்கு.
அங்கே இரண்டு மணி நேரம் சும்மா இரு.
சும்மா இருப்பதும் ஒரு கட்டளை,
அதற்கும் எண் அடித்தாக வேண்டும்.
பிறகு இறங்கு. அறுபது வரைக்கும் இறங்கு.
பீங்கான் ஏறும்போது பொறுத்துக்கொள்ளும்,
இறங்கும்போதுதான் கோபித்துக்கொள்ளும்.

சூளை பின்தங்கினால்
கடிகாரமும் நின்று காத்திருக்க
ஒரு வசதி உண்டு. அதையும் போட்டேன்.
மகனைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடும் காலைகளில்
அந்தப் பொத்தானை
வீடெல்லாம் தேடியிருக்கிறேன்.

கடைசியில் பெட்டி பெயர் கேட்டது.
மூன்று இடம். ஒவ்வோர் இடத்திலும் ஏழே கோடு;
ஏற்றலாம், அணைக்கலாம், வளைக்க முடியாது.
சுழி கேட்கிற, கொம்பு கேட்கிற என் எழுத்துக்கு
இதில் வழியில்லை என்றுதான்
ஆறு வருஷம் இருந்தேன்.
அன்றைக்குப் பார்த்தால்
அவர்களுடைய யூ நமக்குப் ப.
அவர்களுடைய சின்ன என், நமக்குக் கால்.
எல், அப்படியே ட.

பாட.

எதைப் பாட, யார் பாட என்று கேட்காதீர்கள்.
இருந்த கோடுகளில் வந்தது அதுதான்.
சேமித்தேன். வீட்டுக்குப் போனேன்.

ராத்திரி ஷிப்டில் ரெமி ஷ்வாப்.
நாலு மணிக்குப் பதினோராம் படி.
முன்னூறுக்குக் கீழே கதவுப் பூட்டு
தானே விட்டுக்கொடுக்கும்.
அப்போது புரோகிராமின் பெயர் மின்னும்,
அது அந்தப் பெட்டியின் வழக்கம்.
ரெமி படித்தான். மூன்றெழுத்து.
அன்லோட் என்று சுருக்கிச் சொல்கிறது,
இறக்கச் சொல்கிறது.
கையுறை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.
லாரிக்காக வெளிக் கேட்டும் திறந்து கிடந்தது.
வெளியே மைனஸ் ஒன்பது.

முதல் வளையம் டிங் என்றதாம்.
அப்புறம் இரண்டு. அப்புறம் அடுக்கு முழுக்க.
இசைப்பெட்டி போல இருந்தது,
ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்
என்றான் காலையில்.

இருநூற்று நாற்பது பம்பு வளையங்கள்.
கையில் எடுத்தால் முழுசு,
வெளிச்சத்தில் திருப்பினால் மயிரிழை.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
ரெமி ஏற்கெனவே தன் பெயரை எழுதியிருந்தான்.
அதை அடித்துவிட்டு என்னுடையதை எழுதினேன்.
மதாம் டேஷர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
இது எதனுடைய சுருக்கம்?
சுருக்கம் இல்லை மதாம், என்றேன்.
முழுச்சொல்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, இனிமேல் எண் மட்டும், என்றார்.
அது நியாயம்தான்.
இப்போது அதற்குப் பெயர் பூஜ்யம் ஒன்று இரண்டு,
நிமிடத்துக்கு இரண்டாக
யாரையும் ஏமாற்றாமல் இறங்குகிறது.

வெள்ளிக்கிழமை காபி எந்திரத்தின் முன்னால்
ரெமி என்னைக் கூப்பிட்டான்.
ஃபுல் என்று நான்கெழுத்து
அதே சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது.
விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.
முதலாவது எங்களுடையது, என்றான்,
மீதி மூன்றும் உன்னுடையவை, சரியா?

சரி என்றேன்.
நிறைந்து கிடந்த தட்டை உருவி
சக்கையைக் கொட்டிவிட்டு வந்தேன்.