முன்னால் ஒரு புள்ளி

சோலை,
பித்தப்பையில் கல். நாளை மதுரையில் எடுக்கிறார்கள்.
பத்து நாளைக்கு நம் கண்டனூர்க் கோயில் கணக்கு
உன் கையில்.
மேசையில் இருப்பது அதே பழைய பெட்டிதான்,
உள்ளே ஓடுவது மட்டும் வேறு. லினக்ஸ்.

விலை இல்லை என்றதும்
காரியதரிசி பெரி.சித. அண்ணன் சிரித்தார்.
மறு நிமிடமே நெற்றி சுருங்கியது:
"சும்மா கொடுக்கிறவன்
வட்டியை எதில் பிடிப்பான்?"
மூன்று வருடமாக வாசலைப் பார்க்கிறார்.
இன்னும் யாரும் வசூலுக்கு வரவில்லை.

கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்கும்.
தட்டுவாய், ஒன்றும் தெரியாது,
ஒரு நட்சத்திரம்கூட விழாது.
விசைப்பலகை செத்ததென்று உலுக்காதே.
கடன் கேட்டு வந்தவன் கதையை
முகம் அசையாமல் கேட்பார்களே, அப்படி
கேட்டுக்கொண்டுதான் இருக்கும். முடித்ததும் எண்டர்.

வேலை சரியாக நடந்தால் பேசாது.
பேசினால்தான் தகராறு.
அப்போது மூடிவிட்டு ஓடாதே, முதல் வரியிலிருந்து படி.

நீளப் பெயர்களை முழுதாக அடிக்காதே.
மூன்று எழுத்து, பிறகு டேப்.
மிச்சத்தை அதுவே சொல்லும்.
ஆர், எம் என்ற இரண்டெழுத்தை மட்டும்
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடாதே.
அந்த வழியில் போனது குப்பைத்தொட்டியிலும் கிடைக்காது.

தமிழ்99 போட்டிருக்கிறேன்.
ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டு,
முன்னது தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும்.
அப்பச்சி என்று அடித்துப் பார், இரண்டு இடத்தில் நடக்கும்.
ஜோடி சேராத எழுத்துக்கு எஃப் விசை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.
போன வரி வசூலில், வாசலில் ஆட்கள் நிற்க,
அவசரத்தில் ஒரு விலாசத்துக்கு முன்னால்
புள்ளி விழுந்துவிட்டது:
.பழ.லெ.முரு
நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் இருந்த கோப்பு.
காணோம்.
விசிறிக்கு அடியில் வியர்த்தேன்.
அண்ணன் பழைய ஏட்டைத் தேடி
பரணுக்கு ஏணி போட்டுவிட்டார்.

நடுவில் எத்தனை வேண்டுமானாலும் வை.
முதலில் வைத்தால் கோப்பு ஒளிந்துகொள்ளும்.
நம் ஊரில் தாலி ஏறினால் ஒரு புள்ளி,
அன்றிலிருந்து கணக்கில் நிற்பாய், வரி கட்டுவாய்.
இந்தப் பெட்டியில் புள்ளி வைத்தால்
கணக்கிலிருந்து இறங்குவாய்.
ஆவணியில் உன்னையும் உன் வீட்டுக்காரரையும்
ஒற்றைப் புள்ளியாகப் பதிந்தவள் நான்.
வயது நாற்பத்தொன்று,
அந்தப் பட்டியலை மாதம் நான்குமுறை சரிபார்க்கிறேன்,
அதில் எனக்கு வரிசை எண் கிடையாது.

கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்து.
மறைந்ததெல்லாம் மங்கலாக வந்து நிற்கும்.
வேண்டாதது என்று அழித்துவிடாதே.
எழுத்தின் அளவு, அச்சுப்பொறியின் முகவரி,
நாம் பழக்கிய பழக்கமெல்லாம்
அவற்றுக்குள்தான் இருக்கின்றன.

செவ்வாய் முழுக்க மின்தடை,
திங்கள் மாலை புதுப்பிப்பை ஆரம்பிக்காதே.
தினமும் இரண்டு நகல்.
ஒன்று இரும்புப் பெட்டியில்,
இன்னொன்று உன் கைப்பையில்.
பென் டிரைவை வெளியேற்று என்று சொல்லிவிட்டுப் பிடுங்கு.
அச்சுப்பொறி முனகினால் காகிதத்தைத் திருப்பிப் போடு,
அதற்கு நானும் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று.
சேமநல நிதிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன்,
ஆஸ்பத்திரிச் செலவுக்கு.
கோப்பின் பெயர் .உமையாள்
கண்ட்ரோல், எச்.
வெள்ளிக்குள் அச்செடுத்து அண்ணனிடம் நீட்டு.
"நிதி புள்ளிகளுக்குத்தானே?" என்பார்.
மூன்றாம் பத்தியைக் காட்டு.