முகத்துவாரம்

அந்தக் கிடங்கில் இப்போது ஐஸ் வைக்கிறோம்.
மழை மாதங்களில்
சாளைப் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரில் கைவைத்தால்
லேசாக ஒட்டும்.
அராம் அதை ஈரம் என்பாள்.
பிசின் என்பேன் நான்.
பதினோரு வருடக் கூட்டு வியாபாரத்தில்
தீராத கணக்கு இது ஒன்றுதான்.

பாலையின் ஓரத்தில் வறட்டுக் காற்று
வேலமரத்தின் பட்டையைக் கீறும்.
மரம் அழுததைத் தோல்பையில் கட்டி
ஒட்டகத்தில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள் மூர்கள்.
எங்கோ ரூவானில் துணியில் பூ அச்சடிக்க
அது இல்லாமல் ஆகாதாம்.
கொடுத்த விலையும் துணிதான்.
புதுச்சேரி முத்திரை குத்திய நீலம்.
முகர்ந்தார்கள், நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்,
உள்ளங்கையில் சாயம் ஏறினால்தான்
நல்ல சரக்கென்று தலையாட்டினார்கள்.

மாஸெக் அளந்தான்.
அடியில் துளை வைத்த மரத்தொட்டி அவன் மரக்கால்.
பருவத்துக்கு ஒரு விரற்கடை பெருத்தது அது.
மரம் வளரும்தானே என்று சிரித்தாராம் முதலாளி.
வெட்டிய மரம்.

மாடி வந்தது, மாடிக்குப் பல்கனி,
மார்செய் ஓடு, உப்புக்காற்றில் சுதி இறங்கும் பியானோ.
கீழே முற்றத்தில்
கப்பல்காரர்களுக்குக் கம்பு இடித்தார்கள்
விலைக்கு வாங்கிய பெண்கள்.
பேரேட்டில் இடப்பக்கம் பிசின், வலப்பக்கம் துணி.
வலப்பக்கத்தில், தகரப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே,
‘பெந்தா, துணி இருபது.’
அவள் எந்த ஊர், யார் மகள், எப்போது செத்தாள்
எதுவும் எனக்குத் தெரியாது.
இருபது என்று தெரியும்.

எல்லாம் இருந்தது ந்தாரில்,
வாசல்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.
ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்நாக்கு.
முகத்துவாரம் ஒரு வருடம் வடக்கே கிடக்கும்,
அடுத்த வருடம் தெற்கே.
கப்பல்கள் அலைக்கு வெளியே வாரக்கணக்கில் நின்றன
வெங்காயம் முளைவிட, வைன் புளிக்க.
பொறியாளர்கள் வந்தார்கள், வரைந்தார்கள்,
கல் கொட்டினார்கள்.
மணல் தின்றது.

பிறகு இருப்புப்பாதை.
முதல் வண்டி வந்தன்று தெருவெல்லாம் கொடி.
தபாஸ்கிக்கு எடுத்துவைத்த அங்கியை
மாஸெக்கின் மகன் அன்றே உடுத்திவிட்டானாம்.
வண்டி வருவதை ஊரே பார்த்தது.
அது தாக்காருக்குத் திரும்பியதை
ஒருவரும் நின்று பார்க்கவில்லை.
அதன் பின்னோடு சரக்கு போனது,
வங்கி போனது, ஆளுநர் போனார்.
பியானோவை நாலு பேர் தூக்கிப்போனார்கள்.
பிசினுக்கு ரூவானில் மாற்று வந்துவிட்டது என்றார்கள்.
மரங்களுக்கு யாரும் சொல்லவில்லை,
அவை அழுதுகொண்டே இருந்தன.

இரண்டாயிரத்து மூன்றில் ஆறு பெருகியது.
ஊர் முங்காமலிருக்க
மணல்நாக்கை ஓரிடத்தில் அறுத்துவிட்டார்கள் ராவோடு ராவாக.
நாலு மீட்டர். ஒரு ஆள் ஓடிவந்து தாண்டலாம்.
வெள்ளம் வடிந்தது, வாய் மூடவில்லை.
நாற்பது, நானூறு.
இப்போது நின்றால் எதிர்க்கரை புகைபோலத் தெரிகிறது.

இருநூறு வருடம் கெஞ்சிய வாசல்
கேட்க ஒரு கப்பல்கூட இல்லாதபோது திறந்தது.
அதன் வழியாக வந்தது கடல் மட்டும்.
தீவுக் கிராமம் ஒன்றை முழுசாக எடுத்துக்கொண்டது,
மரக்கால் எதுவும் கொண்டுவராமல்.

அராமின் தம்பி படகு
அந்த அலையில்தான் கவிழ்ந்தது.
மூன்றாம் நாள் கடைக்கு வந்தாள்,
பெட்டிகளை எண்ணினாள்,
சுவரில் சாய்ந்து நின்றாள் கொஞ்ச நேரம்.

அதற்குப் பிறகு
ஒட்டினால்
ஈரம் என்றே சொல்கிறேன் நானும்.