மேற்குப் பக்கத்துக் கடல்

எங்கள் ஊரில் கடல் கிழக்கே.
அங்கே சூரியன் வேலைக்குக் கிளம்பும்.
இங்கே வெள்ளவத்தையில்
வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்.
மூன்று வருடம் ஆகியும்
தண்ணீர்மேல் அந்தச் சிவப்பைக் கண்டால்
"விடிஞ்சிருச்சே, இன்னும் குளிக்கலையே"
என்று ஒரு கணம் பதறுகிறது
தூத்துக்குடி மூளை.

கீழ்வீட்டு மிலாக்ரோஸ் இதற்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.
பெரு நாட்டில், கல்யாவோ துறைமுகத்தில் வளர்ந்தவள்.
அவளுக்கு அங்கேயும் சூரியன் கடலில்தான் விழுந்தது.
பாதி உலகம் தாண்டி வந்தவளுக்குத்
திசை மாறவில்லை,
கூப்பிடு தூரத்திலிருந்து வந்த எனக்குத்தான்
எல்லாம் தலைகீழ்.

காலை ஆறரைக்குச் சந்துக்குள் முதலில் பாட்டு வரும்,
பின்னால் ஆட்டோ,
ஆட்டோவுக்குள் கண்ணாடிப் பெட்டி, பாண்.
முதல் வாரம் அதைக் குப்பை வண்டி என்று நினைத்து
வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
சுனிமல் வாளியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
சீனி தூவிய கிம்புலா பனிஸ் ஒன்றை
அதற்குள் பதமாக இறக்கி வைத்தார்.
இன்றைக்கும் வாளியோடுதான் போகிறேன்.
(வேறு வாளி.)

பகல் முழுக்க எங்களுக்குப் பெட்டிக் கணக்கு:
எந்தக் கப்பல், எத்தனையாவது அடுக்கு,
எது முதலில் இறங்க வேண்டும்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
சம்பளம் வருகிறது.

மருந்துக்கடையில் ஒருநாள் சில்லறை தேடித்
தோள்பையைக் கொட்டிக் கவிழ்த்தபோது
"ஆறுதலா தாங்கோ" என்றார் கடைக்காரர்.
ஆறுதலா?
எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லையே.
பிறகுதான் விளங்கியது,
இந்த ஊரில் ஆறுதல் என்றால்
அவசரமில்லை என்று அர்த்தம்.
எனக்குத் தெரிந்த சொல்தான்,
இழவு வீட்டில் மட்டும் கண்டிருந்த சொல்
இங்கே வெளிச்சத்தில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.
இப்போதெல்லாம் தலைவலி இல்லாமலே
அந்தக் கடைக்குப் போய்
பர்ஸை மெதுவாகத் திறக்கிறேன்.

ஞாயிறுகளில் மிலாக்ரோஸ் தெஹிவளைக் கரைக்குப் போய்
கண் கலங்காத தலபத்து வாங்கி வருவாள்.
அடுப்பு கிடையாது. தேசிக்காய் பன்னிரண்டு,
வெங்காயம், உப்பு, பொறுமை.
வீட்டுக்காரி ஜுனைதீன் மாமி முதல்முறை எட்டிப் பார்த்து
"காஸ் முடிஞ்சா மகள்?" என்று
தன் சிலிண்டரையே உருட்டி அனுப்பினார்.
அடுத்த ஞாயிறு ஒரு கரண்டி.
அதற்கடுத்த ஞாயிறு தட்டை நீட்டி
"கொச்சிக்கா காணாது" என்று தீர்ப்பு.
நான் மட்டும் இன்னும்
பச்சை மீனை விழுங்குமுன்
கண்ணை மூடிக்கொள்கிறேன்.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு றோட்டு, ஒரு தண்டவாளம்.
ரயில் போகும்போது கோப்பைகள் தட்டுக்குள் நடுங்கும்,
சூரியன் ஜன்னல் ஜன்னலாக உடைந்து ஓடும்,
கதவில் தொங்கும் பையன்கள்
எங்கள் பால்கனிக்குக் கையசைப்பார்கள்,
சிலசமயம் நாங்கள் ஆடை உலர்த்தும் கொடிக்கும்.
மிலாக்ரோஸ் அந்த நேரம்தான் அம்மாவோடு பேசுவாள்,
அங்கே காலைக் காபி.
இரைச்சல் எழுந்ததும் "ரயில்!" என்று கத்துவாள்,
கல்யாவோவில் கிழவி சரியென்று காத்திருப்பாள்.
அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.
அது தமிழில்லை என்று
நான் இருவரிடமும் சொல்லவில்லை.

நேற்று தம்பி கூப்பிட்டான்.
விசா முடியப்போகிறதாமே,
அங்கே அப்படி என்னதான் இருக்கு,
எப்போ வர்றே?
பிளேன்டீயில் பாதி மிச்சமிருந்தது.
வெயில் கைப்பிடிச் சுவர்வரை இறங்கியிருந்தது.
"ஆறுதலா வாறன்" என்றேன்.
அந்தப் பக்கம் குரல் உடைந்தது:
"ஐயோ, யாருக்கு என்னாச்சு?"

சொல்ல வாயெடுத்தேன்.
ரயில் வந்துவிட்டது.