நாலு நாற்பது

காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு கப்ஸ்யூல்.
பாதி வெள்ளை, பாதி கடல்நீலம்.
விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவுகிறேன்.
ஏழரைக்குள்
தலைக்குள் கத்தும் நாற்பது வானொலிகளில்
முப்பத்தொன்பதை யாரோ அணைத்துவிடுகிறார்கள்.

குறை சொல்ல மாட்டேன்.
நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக
ஒரு வாக்கியத்தை அதன் முற்றுப்புள்ளிவரை
கைபிடித்துக் கூட்டிப்போனேன்.
இரண்டு வருடம் பிரிக்காமல் கிடந்த
வரித்துறைக் கடிதங்களைத் திகதிவாரியாக அடுக்கினேன்.
தண்டப்பணம் கட்டினேன்.
டண்டினோங் நூலகத்துக்கு ஒரு புத்தகம் திரும்பிப் போனது.
நூலகர் எழுந்து நின்று கைதட்டாத குறை.

ஆனால்
மகிழினி நத்தை பற்றி ஒரு பகிடி சொன்னாள்.
பகிடி எனக்கு விளங்கியது.
எந்த இடத்தில் திரும்புகிறது,
ஏன் அங்கே சிரிப்பு வரவேண்டும்,
எல்லாம் விளங்கியது.
"நல்ல பகிடி" என்றேன்,
பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போடுவதுபோல.
அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
கடைசி பஸ் போய்விட்டதா என்று பார்ப்பவள்போல.

ஞானசீலன் அண்ணை போனது ஒரு வியாழக்கிழமை.
இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிய கண்ணோடு
என் முதல் நேர்முகத்துக்கு என்னை ஏற்றிப்போனவர்.
"பயப்பிடாதையும் பிள்ளை,
அவங்களுக்கும் இந்நேரம் நித்திரைதான் வரும்."
ஸ்பிரிங்வேல் மயானத்தில்
கதிரை போதாதென்று கண்டது நான்.
அஞ்சலி மடலில் அவர் பெயரில்
ஒரு சுழி விடுபட்டதைக் கண்டதும் நான்.
நூற்றிருபது பிரதியிலும்
கறுப்புப் பேனையால் சுழித்துக் கொடுத்தேன்.
"என்ன திடமான பிள்ளை" என்றார் துஷ்யந்தி அக்கா.
பெட்டி உள்ளே போனது.
என் நெஞ்சைத் தட்டிப் பார்த்தேன்.
உள்ளே விளக்கு எரிந்தது,
ஆள் நடமாட்டம் தெரிந்தது,
ஒருவரும் வந்து திறக்கவில்லை.

நாலு நாற்பதுக்கு மருந்து இறங்கும்.
இறங்கும் என்பது மருத்துவரின் சொல்.
எனக்கு அது, இருட்டில்,
இல்லாத கடைசிப் படியில் கால் வைப்பது.

அன்று நாலு நாற்பதுக்கு
கடையின் வாகனத் தரிப்பிடத்தில்
தள்ளுவண்டி ஒன்று இன்னொன்றுக்குள் சிக்கி
வர மறுத்தது.
இழுத்தேன். உதைத்தேன்.
உதவ வந்த ஒரு கிழவரை,
கையில் பூனைச் சாப்பாட்டோடு நின்றவரை,
தமிழில் ஏசினேன்.
பிறகு காருக்குள் இருந்து
ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டி
ஒரு மணி நேரம் அழுதேன்.
ஒரு தள்ளுவண்டிக்கு.
அண்ணைக்கு அனுப்பிய கடிதத்தில்
யாரோ விலாசத்தை மாற்றி எழுதிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது.
"மழை இருட்டு" என்பார் முகுந்தன், மகளிடம், மெதுவாக.
அவள் சத்தமில்லாமல் கரண்டி வைக்கப் பழகிவிட்டாள்.
அவளுக்கு எட்டு வயது.

மருத்துவர் கேட்டார்:
மனநிலை, பத்துக்கு எத்தனை?
காலையிலா பின்னேரமா, என்றேன்.
சிரித்தார். நான் உண்மையாகத்தான் கேட்டேன்.
பசிக்கு ஒரு கட்டம் இருந்தது, நித்திரைக்கு இருந்தது,
நாடித்துடிப்புக்கு இரண்டு.
பகிடி விளங்குது, சிரிப்பு வரேல்லை என்பதை
"வேறு" என்ற கட்டத்தில் எழுதினார்.
பத்து மில்லிகிராம் குறைந்தது.
ஞாயிறு விடுமுறை.

ஞாயிறுகளில் சோறு அடிப்பிடிக்கும்.
ஐந்து கோப்பைத் தேநீர் ஐந்து இடத்தில் ஆறும்.
துவைத்த உடுப்பு இயந்திரத்துக்குள்ளேயே கிடந்து மணக்கும்.
முப்பத்தொன்பது வானொலியும்
ஒரு கிழமை பேசாததைச் சேர்த்துப் பேசும்.

நேற்று அந்த இரைச்சலுக்கு நடுவில்,
வெங்காயம் பாதி வெட்டியபடி நிற்க,
பகிடி வந்து சேர்ந்தது.
ஏழு வாரம் பிந்தி. நத்தைதானே.
கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தேன்,
குசினி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தேன்.
நடுவில் எங்கோ அண்ணையின் நித்திரையும் வந்து ஏறிக்கொண்டது.
பிறகு எது வெங்காயம், எது அவர், தெரியவில்லை.

மகிழினி ஓடிவந்து கதவடியில் நின்றாள்.
கிட்ட வரவில்லை.
"அம்மா," என்றாள்,
"இப்ப எத்தனை மணி?"