பதின்மூன்றுக்குப் பதினொன்று

பதிவுப் புத்தகத்தில் அதன் பெயர்
வெளியிணைப்பு இயந்திரம், நாற்பது குதிரை.
உள்துறைமுக வீதியில் ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
நான் அதை 'டேய்' என்பேன்,
லீசிங்காரன் போன் எடுக்கும் நாட்களில் வேறு மாதிரியும்.

இரண்டு அலுமினியக் குழாய், மேலே பலகை,
பலகையில் பன்னிரண்டு கதிரை, ஒரு நீலத் தறப்பாள்.
சோபர் தீவைச் சுற்றிக் காட்டி
இருட்டுக்கு முன் கரை சேர்க்கவேணும்.
வைகாசியில் சேர்த்தது.
ஆடியில், கச்சான் எதிரே வந்து நெஞ்சில் கை வைத்தால்
மாவு ஆலையின் விளக்கு
அரைமணி நேரம் அதே இடத்தில் நின்று
எங்களைப் பார்த்தது.

"நாலாயிரத்து எண்ணூறு," என்றார் இஸ்ஸதீன்,
கிண்ணியாவிலிருந்து சாமான் பெட்டியோடு வந்து
சுற்றுமானியை விரலால் தட்டி.
"முழுசாத் திறந்தும் இவ்வளவுதான்.
ஐயாயிரம் தாண்டவேணும், ஆறாயிரம் தாண்டக்கூடாது.
மூச்சு முட்டுது இவனுக்கு."

பிச் என்றால் என்ன என்று கேட்டேன்.
ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம்
தண்ணீரைத் துளைத்துப் போகலாம் என்ற ஆசை, என்றார்.
பதின்மூன்று அங்குல ஆசை
இந்தப் படகுக்குக் கூட. பதினொன்று போதும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
நடத்துனரின் காலடியில் படுத்து வந்தது:
மூன்று இதழ், கறுப்புப் பெயின்ற்,
முப்பத்தெட்டாயிரம் ரூபா.
கழற்றிய பழையதைத்
தறப்பாள் பறக்காமல் பாரமாக வைத்தோம்.

ஐயாயிரத்து இருநூறு.
எஞ்சினை ஒரு துளை உயர்த்திப் பூட்டினோம்,
மேல்தகடு தண்ணீரை நக்கிக்கொண்டு போகிற உயரத்துக்கு.
ஐயாயிரத்து முந்நூற்றைம்பது.
அதற்குமேல் ஊசி அசையவில்லை.
வளைவில் காற்றைக் குடித்து அலறியது, நேரில் முனகியது.
டெஸ்மன் பெற்றோல் கலனைத் தூக்கிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் வைத்தான்.

கரையில் ஒரு மான்
பழக்கடையின் கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

தண்ணி கேட்டார் இஸ்ஸதீன்.
தேசிக்காய் எடுத்து மேசையில் வைத்துவிட்டுக்
கத்தி தேடக் குனிந்தேன்.
உருண்டது.
திரும்ப வைத்தேன். திரும்ப உருண்டது,
பின்னுக்கு, இடப்பக்கம்,
வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி.

படகில் மூன்று பேர். மூவரும் வலப்பக்கம்.

இத்தனை மாதம் நான் நினைத்தேன்
ஆட்கள் படம் எடுக்க அங்கே குவிகிறார்கள் என்று.
"அம்மா, கொஞ்சம் இந்தப்பக்கம் வாங்கோ" என்று
எத்தனை பேரை எழுப்பி இருத்தியிருப்பேன்.

டிரக்டர் பிடித்துக் கரைக்கு இழுத்தோம்.
இடக் குழாயின் வால் அறை அடைப்பைத் திறந்ததும்
டெஸ்மனின் முழங்காலில் அடித்தது கடல்.
நின்றுவிடும் என்று நின்றோம்.
இஸ்ஸதீன் போய் அஸர் தொழுதுவிட்டு வந்தார்,
அப்போதும் ஒரு நூலாய் ஓடிக்கொண்டிருந்தது.
வெல்டிங் விட்ட இடம் மயிரளவு.
அதன் வழியே ஏறிய துறைமுகத்தை
ஒரு பருவம் முழுக்க, காசு வாங்காமல்,
துறைமுகத்தைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போயிருக்கிறேன்.

ஒட்டி, மறுநாள் இறக்கினால்
ஆறாயிரத்து ஐம்பது.
"கூடிப்போச்சு," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.
தறப்பாளின் மேல் கிடந்த பதின்மூன்றை எடுத்துத் துடைத்துப்
பழைய இடத்திலேயே பூட்டினார்.
ஐயாயிரத்து அறுநூறு.
மாவு ஆலையின் விளக்கு பின்னால் போனது.

முப்பத்தெட்டாயிரத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
"கலியாண ஆக்கள் இருபது பேர் ஏறினால்
அண்டைக்குப் பதினொன்று தேவைப்படும்,"
நான் கேட்காத கேள்விக்கு அவர் சொன்னார்.
கதிரை பன்னிரண்டுதான்.

மேசையில் தேசிக்காய்.
இடப்பக்கம் போகவில்லை, வலப்பக்கம் போகவில்லை.
கொஞ்சம் யோசித்து
முன்னுக்கு உருண்டது.

டெஸ்மன் அதைப் பிடித்து அறுத்தான்.
நாளைக்குப் பார்ப்போம்.